குரல் போன பிறகு மூன்று வாரம்

2018 ஜனவரி, ஒரு திங்கட்கிழமை, ஏழாம் வகுப்பு, முதல் பீரியட். வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் காற்றுதான். 43 பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, "டீச்சர், நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டுப் பதிவேட்டை வாங்கிக்கொண்டாள்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் சளி பிடித்திருந்தது. சனிக்கிழமை விளையாட்டு விழா. மைக் வேலை செய்யவில்லை. மைதானத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலைக்குக் கேட்கிற மாதிரி நாள் முழுக்கக் கத்தினேன். ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்த குரல்வளையை வைத்துக்கொண்டு கத்துகிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கடுத்த பத்து நாளில் நான் செய்தது எல்லாமே தப்பு. கிசுகிசுத்தே பாடம் நடத்தினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமினேன். ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் சாப்பிட்டேன். குரல் பாதி திரும்பியதும் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தேன். அந்தப் பாதிக் குரலோடு எட்டு மாதம் ஓடியது.

நான் கணக்கு டீச்சர். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த எட்டு மாதத்துக்கு அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டது நிறைய இருக்கிறது. அதே வருடம் என் பெரியப்பாவுக்கு நடந்ததும் இருக்கிறது. குரலை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும், வாத்தியாருக்கும் ஓதுவாருக்கும் தெருவில் கீரை விற்கிற அக்காவுக்கும், இது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள். அதிர்வு நன்றாகத் தெரிகிற இடம்தான் குரல்வளை. அதற்குள்ளே இரண்டு குரல்நாண்கள். நாண் என்று பெயர் இருந்தாலும் வீணைத் தந்தி மாதிரி இருக்காது. உதட்டின் உட்புறம் மாதிரி ஈரமான, மெல்லிய இரண்டு சதை மடிப்புகள். மூச்சு விடும்போது விலகி வழிவிடும். பேசும்போது ஒன்றுசேரும், நுரையீரலிலிருந்து மேலே வருகிற காற்று அவற்றை அதிர வைக்கும். பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு 100 முதல் 125 முறை.

இதைக் கேட்ட அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். 40 நிமிட பீரியடில் 20 நிமிடம்தான் நான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பீரியடுக்கு 100 நிமிடம், அதாவது 6,000 நொடி. 200ஆல் பெருக்கினால் 12 லட்சம். வீட்டில் பேசுவதைச் சேர்க்காமலே ஒரு நாளைக்கு 12 லட்சம் முறை அந்த இரண்டு மடிப்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. விடை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சளிக் கிருமியோ, கத்தலோ, புகையோ, வயிற்று அமிலமோ அந்த மடிப்புகளைப் புண்படுத்தினால் அவை வீங்கும். அதுதான் குரல்வளை அழற்சி. நம் ஊரில் தொண்டை கட்டிக்கொண்டது என்போம். சித்த மருத்துவத்தில் குரற்கம்மல் என்பார்கள். வீங்கிய நாண் கனமாகி மெதுவாக அதிர்கிறது, அதனால் குரல் தடித்துக் கீழே இறங்குகிறது. ஓரங்கள் சரியாகச் சேராமல் நடுவில் காற்று கசிகிறது, அதனால் கரகரப்பு. வீக்கம் அதிகமானால் அதிரவே அதிராது. அன்று எனக்கு வெறும் காற்று வந்தது அதனால்தான்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணில் படாது. விழுங்கும்போது ஒரு மூடி குரல்வளையை மறைத்துக்கொள்ள, சாப்பாடும் தண்ணீரும் பின்னால் இருக்கிற உணவுக்குழாய்க்குள் போய்விடுகின்றன. ஒரு சொட்டு தவறிப் போனாலே புரையேறிவிடுகிறதே, அதுதான் இதற்குச் சாட்சி. ஆகவே மிளகுப்பாலானாலும் தேனானாலும் தொண்டைக்கு இதம் தரலாம், ஆனால் வீங்கிய இடத்தைத் தொடாது. வெளியிலிருந்து நேராக நாணைத் தொடுவது நாம் இழுக்கும் மூச்சு மட்டும். நாணுக்கு ஈரம் தருவது நாம் குடிக்கிற தண்ணீர், அதுவும் உடம்பு வழியாகச் சுற்றித்தான் போய்ச் சேரும். வீட்டு வைத்தியத்தை நான் இப்போது எடைபோடுவது இதை வைத்துத்தான்.

என்ன வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

முதலில், தொண்டை வலியும் தொண்டைக் கட்டும் ஒன்றில்லை. விழுங்கினால் வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் குரல் சுத்தமாக இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே, டான்சில் பக்கம். குரல் மாறியிருந்தால்தான் குரல்வளையைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

எங்கள் பள்ளியில் யாருக்காவது குரல் போனால் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, எப்படி ஆரம்பித்தது என்று. இரண்டு மூன்று நாள் மூக்கு ஒழுகி, தும்மி, அப்புறம் குரல் இறங்கினால் வைரஸ் சளி. இதுதான் மிக அதிகம். ஓரிரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சளியே இல்லாமல், ஆண்டு விழாவுக்கோ திருவிழாவுக்கோ கத்திய மறுநாள் போயிருந்தால் உழைப்பால் வந்த வீக்கம். காலையில் எழுந்ததும் குரல் மோசமாக இருந்து பகலில் தேறுகிறது, தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல அடிக்கடி செரும வேண்டியிருக்கிறது, வாயில் புளிப்பு தட்டுகிறது என்றால் இரவில் வயிற்று அமிலம் மேலேறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் நன்றாக இருந்து மாலைக்குள் தேய்ந்துபோனால், அது எங்களைப் போன்றவர்களின் நோய்: நாணில் காய்ப்பு விழத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்து, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பேன். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்களுக்குக் குரல் கம்முவது உண்டு, சிலருக்குத் தொண்டையில் பூஞ்சையும் வரும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் வாயையும் தொண்டையையும் நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு மாட்டுகிற குழாய், வைத்து இழுப்பதும் உதவும். குரல் தடித்ததோடு உடம்பும் கனத்து, எந்நேரமும் குளிருவது போல, அசதியாக இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய் குரல்வளையிலும் வரும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், தள்ளிப்போடக் காரணமே இல்லை.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

மூச்சு இழுக்கும்போது விசில் போலவோ கீச்சென்றோ சத்தம் வந்தால், எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் வழிந்தால், இருமலில் ரத்தம் வந்தால், கழுத்தில் அடிபட்ட பிறகு குரல் மாறினால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை செய்த பிறகு குரல் போனால் அதைச் செய்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். குரல்நாணை அசைக்கிற நரம்பு தைராய்டை ஒட்டித்தான் ஓடுகிறது. இடப்பக்க நரம்போ நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றித் திரும்பி மேலே வருகிறது.

சின்னக் குழந்தைகள் விஷயம் தனி. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தை, பகலில் லேசான சளியோடு விளையாடியிருக்கும். நடுராத்திரி திடீரென்று நாய் குரைப்பது போல இருமும், குரல் கம்மியிருக்கும். இது பெரும்பாலும் வைரஸால் குரல்வளையும் அதன் கீழ்ப்பகுதியும் வீங்குவது, குரூப் என்பார்கள். அவர்களின் மூச்சுப்பாதையே மெல்லியது, கொஞ்சம் வீங்கினாலும் அடைக்கும். குழந்தையை அழவிடாமல், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரே ஒரு வேளை கொடுத்தாலே பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். குழந்தைக்கு வெந்நீர் ஆவி மட்டும் பிடிக்காதீர்கள். கொதிநீர் கொட்டி வெந்துபோகும் ஆபத்து மிகப் பெரியது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கடும் காய்ச்சலோடு, எச்சில் ஒழுக, முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டு படுக்கவே மறுக்கிற குழந்தை. குரல்வளையின் மூடியே வீங்கியிருக்கலாம். அப்போது வாயைத் திறந்து ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பார்க்கவே கூடாது, முழுவதும் அடைத்துக்கொள்ளும். படுக்க வைக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இதை உண்டாக்குகிற முக்கியமான கிருமிக்கான தடுப்பு, 6, 10, 14 வாரங்களில் போடுகிற பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அதை முதலில் தொடங்கினார்கள். பேத்தி, பேரன் அட்டையில் அந்த மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதல் வாரம்

பெரியவர்களுக்குச் சளியோடு வந்த சாதாரணக் கட்டு என்று தெரிந்துவிட்டால், மருந்து ஒன்றுதான்: வாயை மூடுவது. முதல் இரண்டு மூன்று நாள் அவசியமில்லாமல் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வீட்டில் ஒரு சிலேட்டோ நோட்டோ வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்காமல் எழுதி அனுப்புங்கள். அப்புறம் தேவைக்கு மட்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில், இயல்பான மெல்லிய குரலில் பேசலாம்.

கிசுகிசுப்பது ஓய்வு இல்லை. நான் அதை ஓய்வு என்று நம்பித்தான் ஏமாந்தேன். காற்றை வைத்தே 43 பேருக்குக் கேட்க வைக்க முயலும்போது பெரும்பாலோருக்குக் குரல்வளையைச் சுற்றியிருக்கிற தசைகளெல்லாம் இறுகிப் பிழிகின்றன. கண்ணாடி முன் நின்று கிசுகிசுத்துப் பாருங்கள், கழுத்து நரம்பு புடைப்பது தெரியும். செருமுவதும் அப்படித்தான். ஒவ்வொரு செருமலும் வீங்கிய இரண்டு நாண்களையும் அடித்து மோத வைக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் சளி சுரக்கிறது, மறுபடி செருமத் தோன்றுகிறது. செரும வேண்டும் போலிருந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். இந்தப் பழக்கத்தை விட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். சிறுநீரகம், இதயக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். ஆவி பிடிக்கலாம், மூச்சு வழியாக நாணுக்குப் போய்ச் சேர்கிற ஈரம் அது. பாத்திரத்தை மேசையில் ஆடாமல் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பின், வெறும் நீராவியாகப் பிடியுங்கள். தைலமும் கற்பூரமும் நான் போடுவதில்லை, வீங்கிய இடத்துக்கு எரிச்சல் எதற்கு? தொண்டையில் வலி இருந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம், பாராசிட்டமால் போடலாம். சளிக்கென்று கடையில் வாங்குகிற தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் தொண்டையை உலர்த்திவிடும். குரல் போயிருக்கிறபோது அவற்றைத் தவிர்க்கிறேன்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பென்சிலினும் எரித்ரோமைசினும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நோய் சீக்கிரம் குணமானதாக மருத்துவர்கள் சோதித்துப் பார்த்த அளவில் தெரியவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குரல் கம்மலுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள், குரல்நாணைப் பார்க்காமல் ஸ்டீராய்டும் எழுதாதீர்கள் என்று மருத்துவர்களுக்கே சொல்கிறது. எனக்கு எழுதிக் கொடுத்தவர் என் குரல்வளையைப் பார்க்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போதாக இருந்தால், "இது வைரஸ் சளிதானே, ஆன்டிபயாடிக் எதற்கு, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றி என் அம்மாவுக்கும் எனக்கும் இன்றும் வாதம் உண்டு. ஆடாதொடைக்குப் பாடாத நாவும் பாடும் என்பார் அம்மா. பனங்கற்கண்டு போட்ட மிளகுப்பால், சித்தரத்தைக் கஷாயம், கற்பூரவல்லி எல்லாம் செய்து தருவார். மறுக்காமல் குடிக்கிறேன். சூடாக, இதமாக இருக்கிறது, இருமல் தணிகிறது, முக்கியமாக அதைக் குடிக்கிற நேரம் பேசாமல் இருக்கிறேன். அதிமதுரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தினமும் வாயில் அடக்கிக்கொண்டே இருந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது.

கத்திக்கொண்டிருக்கும்போதே, பட்டென்று ஒரு நொடியில் குரல் அறுந்துபோனால் அது வேறு. நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். அப்போது ஒரு சொல்லும் பேசாமல் இரண்டொரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம்

என் பெரியப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறியவர். விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவர் விலை சொன்னால் மார்க்கெட்டின் மறுகோடியில் கேட்கும். பீடி குடிப்பார். அந்த வருடம் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது குரல் கம்மியிருந்தது. "ஏலம் கூவுறவனுக்குத் தொண்டை கட்டாம வேற யாருக்குக் கட்டும்?" என்றார். நாங்களும் சிரித்தோம். சிரப் குடித்தார், மிட்டாய் சப்பினார், கஷாயம் குடித்தார். வலி இல்லை. காய்ச்சல் இல்லை. பொங்கலுக்கு இருந்த கம்மல் ஆனி மாதத்திலும் இருந்தது. ஐந்து மாதம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். குரல்நாணில் புற்றுநோய். ஒரு பக்க நாண் அசைவதையே நிறுத்திவிட்டிருந்தது.

மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் என்னை இன்றும் தூங்கவிடாது. குரல்நாணில் வருகிற புற்றுநோய் மிகச் சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்திலிருந்து அது பரவுவதும் மெதுவாகத்தான். அப்போதே பார்த்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ பெரும்பாலானவர்கள் குரலோடு பிழைத்துக்கொள்கிறார்கள். பெரியப்பாவுக்குக் குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. உள்ளே ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் துளையை மூடிக்கொண்டு பேசுகிறார். போனில் "என்னம்மா, சாப்டியா?" என்று கேட்பார், எனக்குப் புரியும். மார்க்கெட்டுக்கு இப்போதும் காலையில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால்தான் மூன்று வாரத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சளியால் வந்த கட்டு மூன்று வாரத்துக்குள் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் அதற்குப் பெயர் தொண்டைக் கட்டு இல்லை, இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒன்று. அமெரிக்க வழிகாட்டுதல் நான்கு வாரம் என்று வரம்பு வைக்கிறது. பீடி, சிகரெட், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களும், கழுத்தில் கட்டி தெரிகிறவர்களும், காரணமே இல்லாமல் காது வலிக்கிறவர்களும், 45 வயது தாண்டி ஜலதோஷம் இல்லாமலே குரல் மாறியவர்களும் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். போய்க் கேட்க வேண்டியது ஒன்றே: "குரல்நாணைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்." வாயைத் திறந்து டார்ச் அடித்தால் அது தெரியாது. நாக்குக்குப் பின்னால், கீழே ஒளிந்திருக்கிறது.

அந்தப் பரிசோதனைக்குப் பயந்துதான் நானும் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். நடந்தது இவ்வளவுதான். மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்தார்கள். தொண்டையின் பின்பக்கம் கசந்து, தடித்துப்போனது போல ஆனது. ஸ்பாகெட்டி இழை அளவுக்கு மெல்லிய, வளைகிற குழாய் ஒன்றை மூக்கு வழியாக மெதுவாக உள்ளே விட்டார்கள். கண்ணில் நீர் வந்தது, வலி இல்லை. "ஈ... என்று சொல்லுங்க" என்றார்கள், சொன்னேன். "இப்போ மூச்சு இழுங்க." இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே திரையில் என் குரல்நாண்கள் தெரிந்தன. வெண்ணிறத்தில் இரண்டு பட்டைகள், ஆங்கில V எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல. மூச்சுக்குத் திறந்து, 'ஈ'க்கு மூடின. இரண்டு ஓரத்திலும் நேருக்கு நேர் ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் புடைப்பு. அவை இடித்துக்கொண்டதால் முன்னும் பின்னும் ஓர் இடைவெளி, அதன் வழியாகத்தான் எட்டு மாதமாக என் குரல் கசிந்துகொண்டிருந்தது.

தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்து எழுதிவைத்த மனிதர் மருத்துவர் இல்லை. மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854இல், பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றையும் சூரிய ஒளியையும் வைத்துப் பார்த்தார், அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குத் தெரிவித்தார். ஒரு வாத்தியார் ஆரம்பித்துவைத்த பரிசோதனைக்கு இன்னொரு வாத்தியார் பயந்திருக்க வேண்டியதில்லை என்று அன்று வெளியே வரும்போது தோன்றியது.

நாள்பட்டதற்கு என்ன வைத்தியம்

பார்த்த பிறகு கிடைக்கிற விடையைப் பொறுத்தது. அமில எரிச்சல் என்றால் மருந்தோடு, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இரவுச் சாப்பாட்டை முடிப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது. பத்தரை மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையால் மட்டும் சரிப்படுத்த முடியாது. புகை என்றால் புகையை விடுவதுதான், வேறு வழி இல்லை. பூஞ்சைக்கும் காசநோய்க்கும் அதனதன் மருந்து.

எனக்கு இருந்த காய்ப்புக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்த்துப்போவது போலத்தான் இதுவும். பிடிக்கிற விதத்தை மாற்றினால் கரையும். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு ஸ்ட்ரா. டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவின் நுனியை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, உதட்டால் நன்றாகக் கவ்விக்கொண்டு 'ஊ...' என்று குரலோடு ஊத வேண்டும். குமிழி சீராக வர வேண்டும். கன்னம் தளர்வாக இருக்கணும், கழுத்து இறுகக் கூடாது. அப்புறம் அதே குமிழியோடு குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிச் செல்ல விடுவது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. ஸ்ட்ராவுக்குள் காற்று நெருக்கப்படும்போது எதிரழுத்தம் திரும்பி வந்து நாண்களை லேசாக விலக்கி வைக்கிறது, அதனால் அவை அறைந்துகொள்ளாமல் அதிரப் பழகுகின்றன. ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துத் திரையில் பார்த்தபோது புடைப்புகள் கிட்டத்தட்ட மறைந்திருந்தன. சளியால் புதிதாக வீங்கியிருக்கிற முதல் நாட்களில் இந்தப் பயிற்சி வேண்டாம், வீக்கம் தணிந்ததும் தொடங்குங்கள்.

வகுப்புக்குத் திரும்புவது

குரல் திரும்பிய முதல் நாளே ஐந்து பீரியட் எடுக்காதீர்கள். நான் தலைமையாசிரியரிடம் கேட்டு முதல் வாரம் இரண்டு பீரியட் மட்டும் பேசினேன், மற்ற நேரம் கரும்பலகையில் கணக்கை எழுதிப்போட்டுப் பிள்ளைகளையே விளக்கச் சொன்னேன். இப்போதும் பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கத்துவதில்லை. மூன்று முறை கை தட்டுவேன், அவர்கள் திருப்பித் தட்டுவார்கள், அடங்கிவிடும். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமென்றால் கடைசி பெஞ்சுக்கு நடந்து போகிறேன். சத்தம் போடுகிற மின்விசிறியை இரண்டு முறை எழுதிக் கொடுத்து மாற்ற வைத்தேன். இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஒலிபெருக்கி மைக் ஒன்றை வாங்கினேன். என் குரலுக்காக நான் செலவழித்ததில் மிக உருப்படியானது அதுதான். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு வாங்கினார்கள்.

முழுசாகக் குணமாகிவிட்டதா என்று பார்க்கப் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சத்தமாகப் பேசிப் பார்த்தால் தெரியாது. வீங்கிய நாணும் அழுத்தினால் சத்தம் போடும். தூங்குகிற குழந்தையை எழுப்பாத அளவுக்கு மெல்லிய குரலில், நல்ல உயர்ந்த சுருதியில் 'ஊ' என்று பிடிக்க வேண்டும். இடையில் காற்று கசியாமல், குரல் ஆரம்பிக்கத் தயங்காமல், வெட்டுப்படாமல் வந்தால் நாண் சுத்தம். திங்கட்கிழமை காலையில் சமையலறையில் பால் காய்வதற்குள் ஒருமுறை பிடித்துப் பார்ப்பேன். சரியாக வந்தால் அன்று பதிவேட்டை நானே வாசிக்கிறேன். வராத நாளில் மைக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, பதிவேட்டை முன் பெஞ்சில் கொடுத்துவிடுகிறேன்.